‘அக்டிவேட் ஆகியிருக்கிறது’ என்பது பற்றுச்சீட்டு அல்ல

இந்த முறை கடிதம் எழுதியிருப்பவர் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி. போட்டோகொப்பியும் லமினேட்டிங்கும் என்று தொடங்கிய கடை. இப்போது கல்யாண அழைப்பிதழ், சாமத்தியவீட்டுக் கார்ட், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று வடிவமைப்பு வேலைதான் கடையை நிமிர்த்தி வைத்திருக்கிறது. 2021இல் பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடையில் ஆறு கொம்பியூட்டர்களைப் பாவித்த பொருளாக வாங்கியிருக்கிறார். ஆறிலும் விண்டோஸ் 10, ஒபிஸ். இரண்டில் டிசைன் மென்பொருள். “எல்லாம் அக்டிவேட் பண்ணித்தான் தந்தவை ஐயா, ஒருநாளும் கீ கேட்டதில்லை” என்கிறார். கீ என்பது மென்பொருளை ஏற்றும்போது கேட்கும், எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு.

போன மாதக் கடைசியில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. ஒரு வெளிநாட்டு மென்பொருள் நிறுவனத்தின் சார்பில் கொழும்புச் சட்டத்தரணிகள் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் கட்சிக்காரரின் டிசைன் மென்பொருள் உங்கள் கடையில் அனுமதியின்றிப் பாவிக்கப்படுவதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. இணைத்துள்ள படிவத்தில் எல்லாக் கொம்பியூட்டர்களையும் அவற்றிலுள்ள மென்பொருள்களையும் எழுதிக் கையொப்பமிட்டு 14 நாட்களுக்குள் அனுப்புங்கள் என்பது சாரம். மூன்றாம் நாள், முன் மேசைக் கொம்பியூட்டரின் திரை கறுத்து, வலது கீழ் மூலையில் ‘விண்டோஸை அக்டிவேட் செய்யுங்கள்’ என்று மங்கலாக ஓர் எழுத்து வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்த அடி என்று நினைத்துத் தூக்கமில்லாமல் இருக்கிறார்.

ஆலோசனைக்குக் குறைவில்லை. “கொழும்பில் யார் காசு குடுத்து விண்டோஸ் வாங்குறான்? விற்கிறவனைத்தான் பிடிப்பாங்கள், பாவிக்கிறவனை இல்லை” என்கிறார் கணவர். ஆறையும் போர்மட் பண்ணி அழித்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் தடயமே இருக்காது என்கிறார் தம்பி. அப்பிளின் மக் ஓஎஸ் இலவசம்தானே, அதைப் போடலாம் என்கிறான் அக்காவின் மகன். கொம்பியூட்டர் விற்ற கடைக்காரரோ, மென்பொருளையும் சேர்த்து 2021ஆம் ஆண்டுத் திகதியில் புதுப் பில் ஒன்று எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போதாததற்கு, ஜனவரியில் சம்பளத் தகராறில் விலகிப்போன பையன்தான் காட்டிக்கொடுத்திருப்பானோ என்ற சந்தேகம் வேறு.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தை அதன் அளவுக்குக் கொண்டுவருவோம். உங்களுக்கு வந்திருப்பது சட்டத்தரணிகளின் கடிதம். நீதிமன்ற அழைப்பாணை அல்ல. அதைக் காட்டிக்கொண்டு யாரும் உங்கள் கடைக்குள் வந்து கொம்பியூட்டரைத் திறந்து பார்க்க முடியாது. அதே சமயம், உரிமையாளர் பொலிஸில் முறைப்பாடு செய்தால் நீதவானிடம் தேடுதல் ஆணை பெற்றுக்கொண்டு வர வழி இருக்கிறது. ஆகவே இது கிழித்துக் குப்பையில் போடுகிற கடிதமும் அல்ல. கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிற அளவுக்கான கடிதமும் அல்ல.

பூட்டு வேறு, உரிமை வேறு

உங்கள் கடிதத்தில் ‘அக்டிவேட்’ என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன். பதினொரு தடவை வருகிறது. ‘லைசென்ஸ்’ ஒரு தடவைகூட இல்லை. உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அக்டிவேஷன் என்பது நிறுவனம் தன் பொருளுக்குப் போட்டிருக்கும் பூட்டு. லைசென்ஸ் என்பது அந்தப் பொருளைப் பாவிக்க உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி. கள்ளச் சாவிக்கும் பூட்டுத் திறக்கும். அதனால் வீடு உங்களுடையதாகிவிடாது. மறுபக்கமும் உண்டு. காசு கொடுத்து வாங்கியவரின் பூட்டும் சில வேளை திறக்க மறுக்கும். 2007 ஆகஸ்டில் மைக்ரோசொப்டின் சரிபார்ப்பு சேர்வர்களில் அவர்கள் பக்கத்துப் பிழையொன்றால் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க, முறையாக வாங்கியவர்களுக்கும் ‘உங்கள் விண்டோஸ் அசல் அல்ல’ என்று காட்டியது. ஆயிரக்கணக்கான கொம்பியூட்டர்கள் அப்படி மாட்டின. எனவே திரை என்ன சொல்கிறது என்பதை வைத்து நீங்கள் குற்றவாளி என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. நீதிமன்றம் கேட்கப்போவது பற்றுச்சீட்டையும் லைசென்ஸையும்தான்.

“அப்படியென்றால் இத்தனை வருடம் ஏன் விட்டு வைத்தார்கள்?” என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. விடை மென்பொருளின் வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உங்கள் வழக்குக்கும் இது வேண்டும்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் வீட்டுப் பாவனையாளருக்கான விண்டோஸில் அக்டிவேஷன் என்ற பூட்டு ஏறியது. அதற்கு முன் சீடி உறையில் எழுதியிருக்கும் கீ போதும். ஒரே கீயில் ஊரே பாவித்தது. 2005இல் அசல்தானா என்று சோதித்த பிறகே பல பதிவிறக்கங்களைக் கொடுத்தார்கள். 2007 ஜனவரியில் வந்த விஸ்டாவில் பூட்டு இன்னும் இறுகியது: அக்டிவேட் செய்யாவிட்டால் ஒரு கட்டத்துக்குப் பிறகு இணையம் பார்ப்பது தவிர வேறொன்றும் அதிகம் செய்ய விடாது. அடுத்த வருடமே, சேர்விஸ் பக் என்ற முதலாவது திருத்தத் தொகுப்போடு அந்த முடக்கத்தை அவர்களே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை திரை கறுக்கும், மூலையில் எழுத்து வரும், பின்னணிப் படம் மாற்ற விடாது. ஆனால் உங்கள் கல்யாணக் கார்ட் வேலை நடக்கும்.

இந்த இளக்கத்துக்குக் கருணை காரணமல்ல. காசு கொடுக்காதவரைக் கதவுக்கு வெளியே தள்ளினால் அவர் போய் நிற்பது போட்டியாளரின் வாசலில். 1998இலேயே பில் கேட்ஸ் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: சீனாவில் மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில்லை, திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதைத் திருடட்டும், பழகிப்போவார்கள், காசு வாங்குவதற்கு ஒரு வழியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற கருத்தில். என் பார்வையில், நம் ஊர்க் கடைகளில் லினக்ஸ் வேர் பிடிக்காததற்கு முதல் காரணமும் இதுதான். விலையில்லாத லினக்ஸோடு போட்டிக்கு நின்றது விலை கொடுத்து வாங்கும் விண்டோஸ் அல்ல. அதுவும் காசில்லாமல் கிடைத்த கள்ள விண்டோஸ்.

ஆகவே விட்டு வைத்தது வியாபாரக் கணக்கு. கண்டும் காணாமல் இருப்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கு மாறும் நாளில் கடிதம் வரும்.

உங்கள் கறுத்த திரைக்கு வருகிறேன். கடிதம் எழுதிய நிறுவனமும் விண்டோஸின் நிறுவனமும் வெவ்வேறு. எனவே இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். உங்கள் தம்பியிடம் சொன்னால், ஒரு சிறு கட்டளை தட்டி ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் உள்ள விண்டோஸ் எந்த வகை லைசென்ஸில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வார். அதில் ‘வொலியூம்’, ‘கேஎம்எஸ் கிளையன்ட்’ என்ற சொற்களும் 180 நாள் காலாவதியும் தெரிந்தால் கதை விளங்கிவிடும். கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்களுக்கான ஏற்பாடு. அவர்கள் தங்கள் அலுவலகத்திலேயே ஒரு சேர்வர் வைத்திருப்பார்கள். குறைந்தது 25 கொம்பியூட்டர்கள் அதைத் தொடர்புகொண்டால்தான் அது வேலை செய்யும். ஒவ்வொன்றும் 180 நாட்களுக்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஆறு கொம்பியூட்டர் வைத்திருக்கும் உங்கள் கடையில் அது இருக்க நியாயமில்லை. விற்றவர் ஒரு சின்ன மென்பொருளை உள்ளே விட்டு, அதையே அந்த சேர்வர் போல நடிக்க வைத்திருப்பார். வைரஸ் காவல் அதைப் பிடித்து அழித்திருக்கும், புதுப்பிப்பு நின்றிருக்கும், நாள் முடிந்ததும் திரை கறுத்திருக்கும். பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது.

ஒரு நல்ல சாத்தியமும் உண்டு. அந்தக் கொம்பியூட்டர்கள் பெயர் பெற்ற நிறுவனங்களின் தயாரிப்பாக இருந்தால், அவற்றோடு அசல் விண்டோஸ் லைசென்ஸ் சேர்ந்தே வந்திருக்கலாம். பழையவற்றில் பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கும். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகானவற்றில் கீ மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். விற்கிறவர்கள் அவசரத்தில் எல்லாவற்றிலும் ஒரே கள்ளப் பிரதியை ஏற்றிவிடுகிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக இருக்கக் கூடாது. முதலில் அதைப் பாருங்கள். இந்த வகை லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு பிறந்து அதோடு சாவது. ஒன்றின் ஸ்டிக்கரை உரித்து இன்னொன்றில் ஒட்டினால் பலனில்லை.

“பாவிக்கிறவரைச் சட்டம் பிடிக்காது” என்பது பிழை

உங்கள் கணவர் சொல்வது ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் 178ஆம் பிரிவை யாரோ பாதி வாசித்துவிட்டுச் சொன்ன கதை அது. விற்பவருக்கும் விற்க வைத்திருப்பவருக்கும் அங்கே தண்டனை உண்டு. அதே பிரிவில் கொம்பியூட்டர் மென்பொருளுக்கென்றே தனியாக ஓர் உட்பிரிவு இருக்கிறது: பிறருடைய உரிமையை மீறிய மென்பொருள் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், வேண்டுமென்றே அதை வியாபார லாபத்துக்காகப் பாவிப்பவரும் குற்றவாளி. நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் கண்டால் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டப்பணம், அல்லது ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும்.

அந்த வசனத்தில் உங்களைக் காக்கும் சொல்லும் இருக்கிறது, வெட்டும் சொல்லும் இருக்கிறது: ‘தெரிந்தும்’. 2021இல் வாங்கும்போது கடைக்காரரை நம்பினீர்கள். எல்லாம் சேர்ந்த விலை என்று நினைத்தீர்கள். கீ ஒருநாளும் கேட்காததால் சந்தேகமும் வரவில்லை. இதைச் சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பதிவுத் தபாலுக்குக் கையொப்பம் வைத்த நாளிலிருந்து ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. அந்த டிசைன் மென்பொருளில் கடிதம் வந்த பிறகு செய்யும் ஒவ்வொரு கார்ட்டும், அதற்கு முன் செய்த நூறு கார்ட்டை விட உங்களுக்குப் பாதகம். ஆடி முடிந்து ஆவணியில் முகூர்த்தம் குவியும், ஓடர் கையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், விளங்குகிறது. இருந்தும் அந்த இரண்டு கொம்பியூட்டர்களையும் இன்றே நிறுத்துங்கள்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கே என்ன உரிமை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959 முதல் இருக்கிறது. அவர்களுடைய ஆக்கத்துக்கு இங்கே காப்பு உண்டு. அவர்கள் குற்றவியல் பக்கம் போகாமல், புதுக்கடையில் உள்ள வணிக மேல் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்டுச் சிவில் வழக்கும் போடலாம். உங்கள் கடை உங்கள் ஒருவரின் பெயரில் பதிந்த வியாபாரம். கடை வேறு, நான் வேறு என்று சொல்ல அங்கே இடமில்லை.

உளவு பார்த்தார்களா?

இணையம் வழியாக உங்கள் கொம்பியூட்டருக்குள் எட்டிப் பார்த்திருப்பார்களோ என்றும் ஐயப்படுகிறீர்கள். அக்டிவேஷனின் போது நிறுவனத்துக்குப் போவது கீயும், கொம்பியூட்டரின் உறுப்புகளை வைத்துக் கணக்கிட்ட ஓர் அடையாள எண்ணும் போன்றவைதான். உங்கள் வாடிக்கையாளரின் கார்ட்டுகள் அல்ல. இருந்தாலும் உங்கள் ஐயம் புதிதல்ல. 2006இல் மைக்ரோசொப்டின் ஒரு சோதனைக் கருவி தினமும் தலைமையகத்தோடு பேசுகிறது என்று தெரியவந்து, அமெரிக்காவில் வழக்கு வரை போனது. பிறகு அந்தத் தினசரிப் பேச்சைக் குறைத்தார்கள். டிசைன் மென்பொருள்கள் சிலவும் போலிக் கீயோடு ஓடும்போது இணையம் வழியாகத் தகவல் சொல்லிவிடும். அதனால் அந்தப் பையன்தான் சொன்னான் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவனே சொல்லியிருந்தாலும் அது உங்களுக்கு எதிர்வாதமாகாது. போன் எடுத்து ஏசுவது, பயமுறுத்துவது என்று இறங்கினால் உங்கள் மேல் இரண்டாவது முறைப்பாடு வரும். அவனுக்குச் சம்பளப் பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள். இந்தக் கடிதம் வந்திருக்காவிட்டாலும் கொடுக்க வேண்டியதுதான்.

லினக்ஸ் நல்ல வழி, பாவமன்னிப்பு அல்ல

தம்பி சொல்வதில் பாதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. லினக்ஸ் 1991இல் தொடங்கியது. இன்று உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. கீ இல்லை, அக்டிவேஷன் இல்லை. ஆறிலும் போடலாம், வாடிக்கையாளருக்கும் கொப்பி பண்ணிக் கொடுக்கலாம். “காசில்லாதது தரமில்லாதது” என்று கணவர் சொன்னால், 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணியை ஒழுங்குபடுத்த நம் நாட்டுப் பிள்ளைகள் எழுதிய சஹானா மென்பொருளை நினைவுபடுத்துங்கள். அதுவும் லினக்ஸைப் போல யாரும் பாவித்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள்தான். பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பாவித்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: லினக்ஸ் ஆளில்லாத காணி அல்ல. அதற்கும் பதிப்புரிமை உண்டு. உரிமையாளர்கள் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் பயப்படும் அதே சட்டத்தின் பலத்தில்தான் அந்த அனுமதியும் நிற்கிறது.

மற்றப் பாதி ஆபத்து. நாளைக்கு லினக்ஸ் போடுவது நேற்றுப் பாவித்ததை இல்லாமல் ஆக்காது. அதை விட, கடிதம் கிடைத்த பிறகு ஆறையும் போர்மட் பண்ணினால் அது சாட்சியத்தை அழித்ததாகப் பார்க்கப்படும். இருக்கும் தப்பை விட அது பெரிய தப்பு. நான்கு வருடம் அறியாமல் பாவித்தேன் என்று சொல்கிற வாயை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள்.

இந்த இடத்தில் இரண்டு பக்கமும் முள். பாவித்தால் குற்றம், அழித்தாலும் குற்றம். வழி சின்னது: ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தக் கொம்பியூட்டருடையது, என்றைக்குக் கழற்றியது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டி, உறையில் போட்டு உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். அதற்கு முன் உங்கள் வேலைக் கோப்புகளை மட்டும் வேறொன்றில் பிரதி எடுங்கள், மென்பொருளை அல்ல. கொம்பியூட்டருக்குப் புது டிஸ்க் வாங்கிப் போட்டு அதில் லினக்ஸையோ, லைசென்ஸ் உள்ள விண்டோஸையோ ஏற்றுங்கள். பிரதி எடுக்கும் கோப்புகளை வைரஸ் சோதனை செய்யாமல் திறக்க வேண்டாம். கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ‘டிஜெவியு’ வகை வைரஸ்கள் பரவியதே இந்த மாதிரிப் பூட்டு உடைக்கும் மென்பொருள்கள் வழியாகத்தான். ஸ்கேன் எடுக்க வந்தவர்களின் அடையாள அட்டையும் பாஸ்போட்டும் உங்கள் முன் மேசைக் கொம்பியூட்டரில் எத்தனை கிடக்கின்றனவோ!

தொழில் பக்கம் உண்மையைச் சொல்கிறேன். லினக்ஸில் வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் இருக்கின்றன; ஒபிஸுக்கு லிப்ரே ஒபிஸ். ஆனால் நீங்கள் பழகிய டிசைன் மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. பழைய கோப்புகளைத் திறந்தால் எழுத்து இடம் மாறும், நிறம் மாறும். அச்சகத்துக்கு அனுப்பும் நிறக் கோப்பு உங்களைப் படாதபாடு படுத்தும். எனவே ஆறையும் ஒரே கூடையில் போடாதீர்கள். டிசைன் செய்யும் இரண்டுக்கு முறையாக லைசென்ஸ் வாங்குங்கள். மற்ற நான்குக்கும் லினக்ஸ். “பாமினி எழுத்து லினக்ஸில் வருமா?” என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தீர்கள். வரும். பாமினி ஓர் எழுத்துரு மட்டும்தான். நிறுவினால் அங்கேயும் அதே விசையில் அதே எழுத்துத்தான். ரெங்கநாதன் விசைப்பலகை முறையில் யூனிகோட் தட்டச்சவும் வசதி உண்டு. பிரிண்டரை லினக்ஸில் இயக்கும் டிரைவர் மென்பொருள் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் ஒரு கொம்பியூட்டரில் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு (சிப்) வேண்டும். உங்கள் பழைய கொம்பியூட்டரில் அது இல்லாவிட்டால் அதற்கென்று விண்டோஸ் லைசென்ஸ் வாங்குவது காசைக் கடலில் போடுவது. இணையத்தில் மலிவு விலைக்குக் கிடைக்கும் கீகளும் வேண்டாம். ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்தக் கீயைச் சில்லறையாக விற்பதாக இருக்கும். அதுவும் அக்டிவேட் ஆகும். அந்தச் சொல்லை நம்பித்தான் இத்தனையும்.

மக் ஓஎஸ் பற்றிச் சுருக்கமாக. அப்பிள் 2013இலிருந்து புதிய பதிப்புகளுக்குக் காசு வாங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் அதன் அனுமதி அப்பிளின் கொம்பியூட்டருக்கு மட்டும். மற்றப் பெட்டிகளில் அதைப் போட்டு விற்ற சைஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம் 2009இல் நீதிமன்றத்தில் தோற்றது. ஒரு கள்ளப் பிரதியிலிருந்து தப்ப இன்னொரு உரிமை மீறலுக்குள் போக வேண்டாம் என்று அக்காவின் மகனிடம் சொல்லுங்கள்.

இந்தப் 14 நாளில்

படிவத்தை நிரப்பாதீர்கள், கையொப்பமும் வைக்காதீர்கள். ஆறு கொம்பியூட்டரிலும் உள்ள எல்லா மென்பொருளையும் எழுதச் சொல்கிறார்கள். அவர்களுடையதல்லாத மென்பொருளைப் பற்றி அவர்களுக்கு எழுதிக் கொடுக்க உங்களுக்குக் கடமை இல்லை. நீங்களே எழுதிக் கையொப்பமிட்ட பட்டியல் உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாகிவிடும். அதற்காகப் பேசாமலும் இருக்க வேண்டாம். ஒரு சட்டத்தரணி மூலம், உரிமைகளுக்குப் பாதகமின்றி என்ற குறிப்போடு, கடிதம் கிடைத்தது, விசாரித்து வருகிறோம், பதிலுக்கு இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்று எழுதுங்கள். வழக்கை விட லைசென்ஸ் விற்பதுதான் இப்படியான நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் லாபம். இரண்டு லைசென்ஸ் வாங்குவதாகச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் பழையதற்கான தொகையைக் குறைத்துப் பேச இடம் உண்டு. கொடுக்கும் காசுக்கு, பழையது தீர்ந்தது என்று எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரித்துப் பாருங்கள்.

கடைக்காரர் எழுதித் தருவதாகச் சொன்ன பழைய திகதிப் பில்லைத் தொடவே வேண்டாம். அது போலி ஆவணம். பதிப்புரிமை வழக்கில் தண்டப்பணத்தோடு தப்பக்கூடிய நீங்கள், போலி ஆவணம் தயாரித்த வழக்கில் அவரோடு சேர்ந்து கூண்டில் நிற்பீர்கள். அவர் அப்படிச் சொன்னது வட்ஸ்அப்பில் என்றால் அழிக்காமல் வையுங்கள். கள்ளப் பிரதி என்று தெரிந்தே விற்றார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. உங்களிடம் இருக்கும் அசல் பில்லில் ‘கொம்பியூட்டர் 6, ஆறு மாத வாரண்டி’ என்று மட்டும்தான் இருக்கிறது, மென்பொருள் பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே அவரிடம் நட்டம் கேட்பது சுலபமாக இருக்காது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகவும் காலம் கடந்துவிட்டது. மத்தியஸ்த சபையில் பேசிப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்றாம் பக்கத்தில், தம்பி கெட்டிக்காரன் என்று காட்டுவதற்காகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “பின்னேரத்தில் ஆக்களின் லெப்டொப்புக்கு விண்டோஸ் அடிச்சுக் குடுப்பான், ஒன்றுக்கு 1,500 ரூபாய், அந்தக் காசில்தான் கரண்ட் பில் கட்டுறம்.” முழுக் கடிதத்திலும் என்னைக் கலவரப்படுத்தியது பதிவுத் தபால் அல்ல, இந்த வரிதான். இதுவரை நான் எழுதியதெல்லாம் நீங்கள் பாவிப்பவர் என்று வைத்து எழுதியது. இந்த ஒரு வரி உங்களைப் பிரதி எடுத்து விற்பவர் பக்கத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல்லே செல்லாது. பென்டிரைவில் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போட்டுக் கொடுப்பவருக்கு அது எதுவென்று தெரியாதா? உங்கள் கணவர் சொன்ன ‘விற்கிறவனைத்தான் பிடிப்பாங்கள்’ உண்மையாக இருந்தாலும், அந்த விற்கிறவர் உங்கள் கடைக்குள்ளேயே இருக்கிறார். லெப்டொப் கொண்டு வருபவருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுங்கள், அல்லது அவர் கொண்டுவரும் சொந்த லைசென்ஸில் விண்டோஸ் ஏற்றிக் கொடுங்கள். உழைப்புக்கு அதே 1,500 ரூபாயை வாங்குங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.

வாசலில் தொங்கும் விலைப் பலகையின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள், கடை எவ்வளவு சின்னது என்று காட்ட. போட்டோகொப்பி, ஸ்கேன், லமினேட்டிங், அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ‘விண்டோஸ் 10/11 அக்டிவேஷனுடன்’. அந்தப் பலகையை இன்றைக்குப் பின்னேரமே கழற்றிவிடுங்கள். கழற்றி உள்ளே வையுங்கள். உடைக்கவோ அந்த வரியைச் சுரண்டவோ வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குகளோடு அதையும் உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.